இருபத்தோராம் அத்தியாயத்துத் தாழ்ப்பாள்

கார்த்திகை முடிவதற்குள் நாவலைத் திருத்தி அனுப்பிவிடுவதாகச் சென்னையில் இருக்கும் பதிப்பாளருக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். இது மூன்றாம் வருடத்து வாக்கு. முதல் வருடம் சொன்னபோது "ரொம்ப சந்தோஷம்மா" என்றார். இரண்டாம் வருடம் "பார்க்கலாம்மா" என்றார். இந்த வருடம் போனில் கொஞ்ச நேரம் மூச்சு மட்டும் கேட்டது. பிறகு, "தை மாசப் புத்தகக் கண்காட்சிக்கு வரலேன்னா இதை நான் பட்டியல்லேர்ந்து எடுத்துடுவேன். கோவிச்சுக்காதீங்க" என்றார்.

கோவித்துக்கொள்ள எனக்கு எங்கே உரிமை இருக்கிறது? ஆறு வருடமாக எழுதுகிற நாவல். தெருவில் பால் ஊற்றுகிறவர் வரைக்கும் "இன்னாம்மா, புக்கு வந்துடுச்சா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். இப்போது யாரும் கேட்பதில்லை. கேட்டபோது எரிச்சலாக இருந்தது. கேட்காதபோது அதைவிட எரிச்சலாக இருக்கிறது.

நான் தையல்காரி. பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீட்டு முன்னறையில்தான் மிஷின். பட்டுப் புடவைக்கு ஃபால்ஸ் அடிப்பேன், முந்தானைக்குக் குஞ்சம் கட்டுவேன், பிளவுஸ் தைப்பேன். படிப்பு பத்தாவதோடு சரி. கதை எழுத எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. ஆனால் அளவு கொடுக்க வருகிற பெண்கள் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கும்போது வாய் சும்மா இருக்காது. என் அளவு நோட்டில் இடது பக்கம் தோள், கை, இடுப்பு என்று எழுதியிருக்கும். வலது பக்கம் அவர்கள் சொன்னது எழுதியிருக்கும்.

ஒருத்தி தன் நாத்தனாரைப் பற்றிச் சொன்னாள்: "அவ சிரிச்சா ஃபிரிட்ஜத் தொறந்த மாதிரிக்கா. வெளிச்சம் வரும், சூடு வராது." இன்னொருத்தி தன் வீட்டுக்காரரைப் பற்றி: "அவரு கோவம் குக்கர் இல்லக்கா, இட்லிப் பானை. சத்தமே வராது. மூடியத் தொறந்தா மூஞ்சி வெந்துடும்." இதையெல்லாம் கேட்டுவிட்டு ஒருத்தி எழுதாமல் இருக்க முடியுமா? பன்னிரண்டு நோட்டு நிரம்பிவிட்டது. முப்பத்தாறு இஞ்சுக்குப் பக்கத்தில் ஒரு குடும்பத்தின் முழுக்கதையும் கிடக்கும்.

அங்கேதான் கோளாறும். நாவலின் முதல் படியைப் படித்துவிட்டுப் பதிப்பாளர் சொன்னார்: "உங்க நாவல்ல எல்லாரும் நல்லா பேசறாங்கம்மா. யாரும் எதுவும் செய்யறதில்ல." இரண்டு நாள் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மூன்றாம் நாள் எடுத்துப் பார்த்தேன். மனிதர் சொன்னது சரி. இருநூறு பக்கத்தில் ஒருத்தி நிற்கிறாள், பேசுகிறாள், உட்கார்கிறாள், பேசுகிறாள். அளவு கொடுக்க வந்தவர்கள் மாதிரியே எல்லோரும் கையைத் தூக்கிக்கொண்டு நின்றுகொண்டிருந்தார்கள்.

அப்போதிலிருந்துதான் திருத்தல். லைனிங் துணியில் மூன்று மீட்டர் வெட்டி முன்னறைச் சுவரில் தொங்கவிட்டேன். அத்தியாயத்துக்கு ஒரு துண்டுச் சீட்டு, குண்டூசியால் குத்தி வைப்பேன். காலையில் கணவர் வேலைக்குப் போனதும் எட்டரையிலிருந்து பத்தரை வரை எழுத்து. அவர் பட்டு நூலுக்குச் சாயம் போடுகிறவர். அவர் போனபிறகும் மாமியார் கூடத்தில் இருப்பார். பத்தரைக்கு மேல் மிஷின். மிஷின் ஓடும்போதும் மனசு சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கும். கை கழுத்துப் பட்டியைத் திருப்பும், தலை ஏழாம் அத்தியாயத்தைப் பன்னிரண்டுக்குப் பின்னால் கொண்டுபோய் வைக்கும். இதனால் ஒரு கல்யாணப் பெண்ணுக்கு இரண்டு கையும் இடது கையாகத் தைத்துக் கொடுத்துவிட்டேன். அவள் அழவில்லை. அவள் அம்மாதான் தெரு கேட்க, "கத எழுதறவகிட்ட குடுக்காதன்னு அப்பவே சொன்னேன்!" என்று பெண்ணைத் திட்டுகிற மாதிரி என்னைத் திட்டிவிட்டுப் போனாள்.

சுவரில் தொங்குகிற சீட்டுகளை வருகிறவர்கள் படிப்பார்கள். "இவளைக் கொல்லலாமா?" என்று பதினாறாம் சீட்டில் நான் எழுதியிருந்ததைப் பார்த்துவிட்டு ஒருத்தி அளவுக்குத் தூக்கிய கையை மெல்ல இறக்கினாள். "யாரக்கா?" என்றாள். "உன்ன இல்லம்மா, நிமிந்து நில்லு" என்றேன்.

இப்படிக் குத்தியும் பிடுங்கியும் துணி சல்லடையானதற்குப் பிறகு நாவலில் ஒரே ஒரு காரியம் நடந்தது. இருபத்தோராம் அத்தியாயம். கதாநாயகி வீட்டை விட்டுப் போகிறாள். அதற்கு முன்னால் இருக்கிற இருபது அத்தியாயமும் அதற்காகத்தான். பின்னால் வருகிற ஒன்பதும் அதனால்தான்.

அதை எப்படி வைத்திருந்தேன் என்று சொல்லிவிடுகிறேன். மகாளய அமாவாசை. கணவன் இறந்துபோன அப்பாவுக்குத் தர்ப்பணம் கொடுக்கக் குளத்துக்குப் போயிருக்கிறான். மாமியார் அடுப்படியில் வடை சுடுகிறாள். படையல் முடிகிறவரை அவள் அடுப்படியை விட்டு வரமாட்டாள். தெருக்கதவில் ஒரு பழைய இரும்புத் தாழ்ப்பாள், இழுத்தால் ஆடு கத்துகிற மாதிரி கத்தும். ஆனால் பக்கத்து வீட்டில் தறி ஓடிக்கொண்டிருக்கிறது. ஒரே சுவர். அந்தச் சடக்கு சடக்கில் தாழ்ப்பாளின் கத்தல் கரைந்துபோகிறது. அவள் போய்விடுகிறாள். இலை போட்டபிறகுதான் மாமியார் கூப்பிட்டுப் பார்க்கிறாள்.

அந்த அத்தியாயத்தின் கடைசி வரி: "ஒருத்தி போகிற சத்தம்கூட அந்த வீட்டுக்குக் கேட்கவில்லை." பதிப்பாளருக்கு அந்த வரி ரொம்பப் பிடித்தது. பின்னட்டையில் போட அதைத்தான் எடுத்து வைத்திருந்தார். ஆறு வருடத்தில் அவர் வாயால் நான் வாங்கிய ஒரே "அடடா" அதுதான்.

இப்போது இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். அப்படிப் போனவள் நான்தான்.

முப்பது வருடத்துக்கு முன்னால், கல்யாணமாகி மூன்றாம் வருடம். இதே வீடு, இதே கதவு, இதே தாழ்ப்பாள். என் கணவர் சர்வதீர்த்தக் குளத்துக்குத் தர்ப்பணம் கொடுக்கப் போயிருந்தார். மாமியார் அடுப்படியில். நான் ஒரு துணிப்பையோடு கிளம்பி ஏனாத்தூர் பக்கம் இருந்த அம்மா வீட்டுக்குப் போய்விட்டேன். என்ன காரணம் என்று இன்று கேட்டால் சொல்லத் தகுந்ததாக ஒன்றும் இல்லை. ஒரு குழம்பு, அதைப் பற்றி ஒரு சொல். அந்தச் சொல்லை நாவலில் மூன்று அத்தியாயம் எழுதியிருக்கிறேன். ஒன்பது நாள் அம்மா வீட்டில் இருந்தேன். பத்தாம் நாள் கணவர் சைக்கிளில் வந்தார். பின்னால் உட்கார்ந்து திரும்பி வந்தேன். "சாப்ட்டியா?" என்று மாமியார் கேட்டார். அதோடு சரி. அந்த ஒன்பது நாளைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும், எப்போதும், ஒரு பேச்சும் பேசியதில்லை.

என் கதாநாயகி திரும்பி வரமாட்டாள். நாம் செய்யாததைச் செய்யத்தானே நாவல்.

கார்த்திகை பிறந்தது. எழுத்தெல்லாம் சரி பார்த்தாகிவிட்டது. பக்கத்து வீட்டுப் பெண் குஞ்சம் கட்டுவதற்கு ஒரு புடவையைக் கொண்டுவந்தாள். தறியில் உட்காருகிறவள். நான் கேட்ட தறிச் சத்தத்தில் பாதி அவள் போட்டதுதான். "உக்காரு, ஒரு அத்தியாயம் படிக்கிறேன், எப்படி இருக்குதுன்னு சொல்லு" என்றேன். முழங்காலைக் கட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். இருபத்தொன்றைப் படித்தேன். நன்றாகவே படித்தேன். கடைசி வரியில் குரல் லேசாக உடைந்தது, அதை நான் தடுக்கவில்லை.

அவள் மடியிலிருந்த புடவை முந்தானையின் நூலை நீவிவிட்டாள்.

"நல்லாதான் இருக்குதுக்கா."

"ஆனா?"

"அமாவாசைன்னு சொன்ன இல்ல?"

"ஆமா. மகாளய அமாவாசை."

"அமாவாசைக்கு எவன்கா தறியில உக்காருவான்?"

எனக்குப் புரியவில்லை. சத்தியமாகப் புரியவில்லை. "இன்னா?" என்றேன்.

"லீவுக்கா. அமாவாசைன்னா தறி ஓடாது. எங்க வீட்ல ஓடாது, எதிர்வீட்ல ஓடாது, இந்தப் பாளையத்துலயே ஓடாது. இது உனக்குத் தெரியாதா? உங்க வீட்டுக்காரரே அன்னிக்குச் சாயம் போட மாட்டாரே. நான் எண்ண தேச்சிக் குளிச்சிட்டுத் தூங்குவேன்." பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "உடுக்கா, யாரு கவனிக்கப் போறாங்க? மெட்ராஸ்காரங்களுக்கு இன்னா தெரியும்?" என்றாள்.

அவள் போனபிறகு அந்த அத்தியாயத்தை இன்னொரு முறை புரட்டினேன். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இந்தத் தெருவில் இருக்கிறேன். மாதம் ஒரு நாள் தறி ஓடாது என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்ததனால்தான் வந்தது வினை. எனக்கு மாதத்தில் நன்றாக எழுத வருகிற நாளே அமாவாசைதான். அன்றைக்குத் தெருவில் ஒரு சத்தம் இருக்காது, அளவு கொடுக்கவும் யாரும் வரமாட்டார்கள். இருபத்தோராம் அத்தியாயத்தை அப்படி ஒரு அமாவாசையன்றுதான் ஒரே மூச்சில் எழுதினேன். ஊரெல்லாம் அமைதியாகக் கிடக்க, அந்த அமைதியில் உட்கார்ந்துகொண்டு, இல்லாத தறிச் சத்தத்தைப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன்! உப்பைக் கையில் வைத்துக்கொண்டே உப்பைத் தேடுகிறவளுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்?

பதிப்பாளரைக் கூப்பிட்டேன். "தறி ஓடாதா? சரி, வேற நாளா மாத்துங்க" என்றார். சுலபமாகச் சொல்லிவிட்டார். வேறு நாள் என்றால் கணவன் வீட்டில் இருப்பான். அவனை எங்காவது அனுப்பிவிடலாம். மாமியாரை என்ன செய்வது? மற்ற நாளில் அவள் காலை முழுக்க வாசல்படியில் உட்கார்ந்து கீரை ஆய்வாள் என்று நானே மூன்றாம் அத்தியாயத்தில் எழுதி வைத்திருக்கிறேன். ஒரு நாளில், ஒரே ஒரு நாளில்தான் அவள் அடுப்படியை விட்டு நகரமாட்டாள்.

"அப்போ வேற சத்தம் வைங்க. கோயில் மேளம்?"

இதையும் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் கேட்டுப் பார்த்தேன். அவள் சிரித்தாள். "சாமி தெருவுக்கு வந்தா எந்த மாமியாக்கா அடுப்படில இருப்பா? கரண்டியோட வாசல்ல வந்து நிப்பா. உன் பொண்ணு பையோட அவ மேலதான் போய் முட்டிக்கும்."

"ஆட்டுக்கல்?"

"அந்தக் காலத்துல உங்க வீட்ல ஆட்டுக்கல் எங்க இருந்துது?"

நடையில் இருந்தது. தெருக்கதவுக்கு நேராக. மாவாட்டுகிறவள் தலையைத் தூக்கினால் கதவைத்தான் பார்ப்பாள். அதுவும் போயிற்று.

நான்கைந்து நாள் இதே பேஜார். போர்வெல் வண்டியை வைத்துப் பார்த்தேன். அந்த வருடம் எங்கள் தெருவில் அது நுழைந்திருக்காது. மழையை வைத்துப் பார்த்தேன். மழையென்றால் கணவன் குளத்திலிருந்து சீக்கிரம் வந்துவிடுவான். மாமியாரைச் செவிடாக்கிப் பார்த்தேன். பாவம், இருபது அத்தியாயமாகச் சாவித்துவாரம் வழியாக எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தவள் இருபத்தொன்றில் திடீரென்று செவிடானால் யார் நம்புவார்கள்? பதிப்பாளர் கடைசியாக, "அது தறிச் சத்தம் இல்ல, அவ நெஞ்சு அடிச்ச சத்தம்னு வெச்சிக்கலாமே" என்றார். சினிமாவில் வைக்கலாம் என்று சொல்ல வாய் வந்தது. "யோசிக்கிறேன் சார்" என்று போனை வைத்தேன்.

என் கணவரிடம் புலம்பினேன். விரல் நகமெல்லாம் அரக்குச் சிவப்பாக வந்து உட்கார்ந்திருந்தார். முழுக்கக் கேட்டார். "தாழ்ப்பாள் அவ்ளோ சத்தமா போடுது?" என்றார். முப்பது வருடத்துக்கு மேலாக அந்தக் கதவைத் திறந்து மூடுகிறவர் கேட்கிற கேள்வி. அதற்கு மேல் அவரிடம் பேசவில்லை.

ஆனால் அந்தக் கேள்வி மனதில் தங்கிவிட்டது. ஒருவேளை அவ்வளவு சத்தம் போடாதோ? நான்தான் பயத்தில் பெரிதாகக் கேட்டேனோ? அப்படியென்றால் தறியே வேண்டாம். அமைதியில் மெல்லத் திறந்துகொண்டு போய்விடலாம். அத்தியாயம் பிழைத்துவிடும், கடைசி வரியும் பிழைத்துவிடும். கார்த்திகை முடிய இன்னும் நாள் இருந்தது. கார்த்திகை அமாவாசை வரட்டும், சோதித்துப் பார்த்துவிடலாம் என்று காத்திருந்தேன்.

வந்தது. கணவர் குளத்துக்குப் போனார். தெரு அடங்கிக் கிடந்தது. காக்கை இரண்டு சோற்றுக்கு முன்கூட்டியே வந்து மதிலில் உட்கார்ந்திருந்தன. மாமியாருக்கு எழுபத்தாறு வயது, முழங்கால் வலி. ஆனால் அமாவாசை வடையை இன்னும் யாரிடமும் விடமாட்டார். மாவை மிக்ஸியில் நான் அரைத்துக் கொடுத்தேன், அவர் தட்டிப் போட்டுக்கொண்டிருந்தார். நான் நடைக்கு வந்தேன். செருப்பைக்கூடப் போட்டுக்கொண்டேன். எதற்கென்று தெரியவில்லை, ஒரு துணிப்பையையும் எடுத்துக்கொண்டேன். தாழ்ப்பாளைப் பிடித்து, அன்று பிடித்த மாதிரியே கொஞ்சம் தூக்கி, மெல்ல, ரொம்ப மெல்ல இழுத்தேன்.

கத்தியது. தெருமுனை வரைக்கும் கத்தியிருக்கும். மதிலில் இருந்த காக்கை ஒன்று எழுந்து பறந்தது.

அடுப்படியிலிருந்து குரல் வரவில்லை. எண்ணெய் கொதிக்கிற ஓசை மட்டும். நான் திரும்பி உள்ளே போனேன்.

"அத்தே, தாழ்ப்பாள் சத்தம் கேட்டுச்சா?"

"கேட்டுச்சு." வடையைத் திருப்பிக்கொண்டிருந்தார்.

"அப்போ ஏன் யாரு, இன்னான்னு ஒண்ணும் கேக்கல?"

"நீ எங்க போவப்போற? மிஷின்ல பிளவுஸு பாதில கெடக்குது."

நான் சிரித்திருக்க வேண்டும். அதை எழுதிக்கொள்ள வேண்டும் என்றுகூட ஒரு கணம் தோன்றியது, அந்தப் பழக்கம் போகாது. ஆனால் சிரிப்பு வரவில்லை. அடுப்படி நிலைப்படியில் கையில் பையோடு, காலில் செருப்போடு நின்றுகொண்டிருந்தேன். செருப்போடு அடுப்படிக்கு வந்ததை அவர் பார்த்தார். அதற்கும் ஒன்றும் சொல்லவில்லை.

"அத்தே, அன்னிக்கு?"

"என்னிக்கு?"

அவருக்குத் தெரியும். எனக்கும் தெரியும், அவருக்குத் தெரியும் என்று. வடைச் சட்டியைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"நான் ஏனாத்தூர் போனேனே. அன்னிக்கு. கேட்டுச்சா?"

எண்ணெயில் கிடந்த வடை நன்றாகச் சிவந்துவிட்டது. எடுக்க வேண்டும். எடுக்காமல் இருந்தார். பிறகு எடுத்தார்.

"அமாவாசையாச்சே. கேக்காம?"

அப்படித்தான் சொன்னார். வெங்காயம் என்ன விலை என்று சொல்கிற குரலில். எனக்கு முதலில் வந்தது அழுகையா கோபமா என்று கேட்டால், கோபம்தான். முப்பது வருடம்! யாருக்கும் கேட்கவில்லை, இந்த வீட்டில் நான் இருக்கிற சத்தமும் கேட்காது, போகிற சத்தமும் கேட்காது என்று மனசுக்குள் ஒரு மூட்டை கட்டி, அதைப் பிரித்து இருபது அத்தியாயமாகப் போட்டிருக்கிறேன். நடுவில் அந்தத் தறியை வேறு யாரும் கேட்காமல் நானே கொண்டுவந்து வைத்திருக்கிறேன். இவர் என்னடாவென்றால் கேட்டிருக்கிறார்.

"கேட்டுட்டு ஏன் கூப்டல?"

"கையெல்லாம் மாவு."

"மாவுக் கையோட கூப்ட முடியாதா? வாயால தானே கூப்டறது?"

"இன்னாத்துக்கு இப்ப அதெல்லாம்? காக்காவுக்கு இலய நறுக்கு."

நான் விடவில்லை. நாவலை எழுதுகிறவள் எப்படி விடுவாள்? "அத்தே, ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. தொலஞ்சா போதும்னு உட்டீங்களா? இல்ல, போனவ தானா வந்துடுவான்னு உட்டீங்களா? ரெண்டுல எது?"

அவர் அடுத்த வடையைத் தட்டினார். நடுவில் விரலை விட்டு ஓட்டை போட்டார். எண்ணெயில் நழுவ விட்டார். இதையெல்லாம் ரொம்ப நிதானமாகச் செய்தார். "அன்னிக்கு உன் பங்கு வடைய எடுத்து வெச்சிருந்தேன்" என்றார். "மறுநாள் ஊசிப்போச்சு. கொட்டிட்டேன்."

அவ்வளவுதான். அதற்கு மேல் ஒரு வார்த்தை வாங்க முடியவில்லை. அன்று மட்டுமில்லை, அடுத்த நாளும் கேட்டேன், அதற்கடுத்த நாளும் கேட்டேன். "ஒரே ரோதனையா இருக்குது உன்னோட" என்று டிவி சத்தத்தைக் கூட்டிவிட்டார்.

இதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? எடுத்து வைத்த வடை, கொட்டிய வடை. இரண்டு பக்கமும் எழுதலாம். வருவாள் என்று எடுத்து வைத்தாள் என்றும் எழுதலாம், போனவள் போகட்டும், பங்குக் கணக்குக்காக வைத்தாள் என்றும் எழுதலாம். பன்னிரண்டு நோட்டு நிறைய மற்றவர்கள் பேச்சை எழுதி வைத்திருக்கிறேன். என் வீட்டு அடுப்படியில் இருக்கிறவர் பேச்சு அதில் ஒரு பக்கம்கூட இல்லை. அவர் பேசுகிறவர் இல்லை, அதனால் எழுத ஒன்றுமில்லை என்று நினைத்திருந்தேன்.

உட்கார்ந்து முதல் அத்தியாயத்திலிருந்து மாமியார் வருகிற இடமெல்லாம் படித்தேன். ஒவ்வொரு இடத்திலும் அவள் ஒட்டுக் கேட்கிறாள், குத்திப் பேசுகிறாள், வாசலில் உட்கார்ந்து பார்க்கிறாள். ஒரு இடத்திலாவது அவள் கேட்டுவிட்டுச் சும்மா இருக்கிறாளா? இல்லை. தாழ்ப்பாள் கத்தியது, அவளுக்குக் கேட்டது, அவள் திரும்பவில்லை என்று இருபத்தொன்றில் எழுத வேண்டுமென்றால், அப்படிச் செய்யக்கூடிய ஒருத்தியை முதல் அத்தியாயத்திலிருந்தே கொண்டுவர வேண்டும். என்னிடம் இருக்கிறவள் அவள் இல்லை.

சுவரிலிருந்து சீட்டுகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். ஒரு குண்டூசி விரலில் ஏறியது. நன்றாக வேண்டும் எனக்கு.

பதிப்பாளரிடம் சொன்னேன். அவர் ரொம்ப நிதானமாகத்தான் ஆரம்பித்தார். "மாமியாருக்குக் கேட்டுச்சுன்னு மாத்தணும், அவ்ளோதானேம்மா? ஒரு பத்தி. இன்னிக்கே அனுப்புங்க."

"ஒரு பத்தி இல்ல சார். இருபது அத்தியாயம்."

"யாரும்மா கவனிக்கப் போறா? எத்தனை பேருக்குத் தெரியும் அமாவாசைக்குத் தறி ஓடாதுன்னு?"

பக்கத்து வீட்டுப் பெண் சொன்ன அதே பேச்சு. அவள் சொன்னபோது ஆறுதலாக இருந்தது, இவர் சொன்னபோது சுருக்கென்றது. "எங்க தெருவுக்குத் தெரியும் சார்" என்றேன். அடுப்படியில் இருக்கிறவருக்குத் தெரியும் என்று சொல்லவில்லை.

"பின்னட்டை அச்சுக்குப் போயாச்சு."

"அந்த வரி பொய் சார்."

மூச்சு மட்டும் கேட்டது. பிறகு, "அப்போ இந்த வருஷம் இல்ல. பட்டியல்லேர்ந்து எடுத்துடறேன். முடிச்சா சொல்லுங்க, அப்போ பார்க்கலாம்" என்றார். முடித்தால். ஆறு வருடத்துக்குப் பிறகு எனக்குக் கிடைத்தது ஒரு "முடித்தால்". போனை வைத்துவிட்டு மிஷினில் உட்கார்ந்தேன். பாதியில் கிடந்த அந்த பிளவுஸைத் தைத்தேன். இந்த முறை ஒன்று வலது கை, ஒன்று இடது கை. சரிபார்த்துக்கொண்டேன்.

மறுநாள் காலை தெருவில் தறியெல்லாம் ஓடிக்கொண்டிருந்தது. காய் வாங்கப் போகலாம் என்று தாழ்ப்பாளை இழுத்தேன். வழுக்கிக்கொண்டு வந்தது. சத்தமே இல்லை. கையெல்லாம் பிசுபிசுவென்றிருந்தது. தேங்காயெண்ணெய்.

கணவர் கூடத்தில் காபி குடித்துக்கொண்டிருந்தார். "நீதானே கத்துது கத்துதுன்னு பத்து நாளா சொல்லிக்கினு இருந்த? காலைல எண்ண போட்டேன். இப்போ பாரு, வெண்ண மாதிரி" என்றார். ரொம்பப் பெருமையாக.

"உங்கள யாரு போடச் சொன்னாங்க?"

"சத்தம் வருதுன்னா எண்ண போடாம, பின்ன இன்னா பண்ணுவாங்க?"

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. என் நாவலில் மிச்சமிருந்த ஒரே ஒரு உண்மையான பொருள் அந்தச் சத்தம். அதற்கும் எண்ணெய் போட்டுவிட்டார். ஒரு கிழிந்த துணியை எடுத்துத் தாழ்ப்பாளைத் துடைக்க ஆரம்பித்தேன். துடைக்கத் துடைக்க இன்னும் உள்ளே இறங்கியது. "சோப்பு போட்டுத் தேய்" என்று அவர் யோசனை வேறு சொன்னார்.

கூடத்து மூலையில் பூண்டு உரித்துக்கொண்டிருந்த மாமியார் தலையைத் தூக்கவில்லை. நான் பையை எடுத்துக்கொண்டு படியிறங்கும்போதுதான் குரல் வந்தது.

"இனிமே கேக்காது. போறதுன்னா சொல்லிட்டுப் போ."

திரும்பிப் பார்த்தேன். பூண்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "காய் வாங்கத்தான் போறேன் அத்தே" என்றேன். "ம்" என்றார். அன்றைக்கு எதை நினைத்து விட்டீர்கள் என்று இன்னொரு முறை கேட்கலாம் என்று வாயெடுத்தேன். டிவி ரிமோட்டை எடுத்துவிட்டார்.

காய்க்காரம்மாவிடம் நின்றுகொண்டே அளவு நோட்டில் அந்த வாக்கியத்தை எழுதிக்கொண்டேன். பக்கத்தில் எந்த அளவும் இல்லாமல், தனியாக. இன்றைக்கு ஒன்றாம் அத்தியாயத்தைத் திரும்ப எழுத உட்கார்ந்து பதினேழாம் நாள். இரண்டரைப் பக்கம் வந்திருக்கிறது, அதில் ஒரு பக்கத்தைக் கிழிக்க வேண்டும். இருபத்தொன்றுக்கு எப்போது வந்து சேர்வேன் என்று தெரியாது. மாமியார் எதை நினைத்துச் சும்மா இருந்தாள் என்றும் தெரியாது. நாவலில் இருக்கிற தாழ்ப்பாளுக்கு மட்டும் யாரும் எண்ணெய் போடவில்லை. அந்த அளவுக்கு முடிவாகியிருக்கிறது.